ரிட்ஜ் ரேசர் போர்டா, டேடோனா போர்டா?

1993இல் நாம்கோவின் 'ரிட்ஜ் ரேசர்' ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிகளுக்கு, வந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் சேகாவின் 'டேடோனா யூஎஸ்ஏ' வந்து எதிரே நின்றது. இரண்டும் கார் பந்தயம்தான். எந்த ஆட்டம் சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்குப் பிடித்தது அந்தப் பெட்டிகளுக்குள் ஆட்டத்தை ஓட்டிய மின்னணுப் பலகைகளான போர்டுகளின் சண்டை: நாம்கோவின் சிஸ்டம் 22, சேகாவின் மாடல் 2.

இவற்றுக்கு முந்தைய சிஸ்டம் 21, மாடல் 1 இரண்டுமே பாலிகன்களை (முப்பரிமாண உருவத்தைக் கட்டும் தட்டையான சிறு துண்டுகளை) வெறும் வண்ணத்தால் நிரப்பின. 1992இன் 'விர்ச்சுவா ரேசிங்' அப்படித்தான் இருக்கும். பாலிகன் மேல் டெக்ஸ்சர், அதாவது ஒரு படம், போர்த்த வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட வேண்டும், அதுவும் நொடிக்குச் சுமார் 60 முறை. அந்த வித்தை அப்போது விமானப் பயிற்சி சிமுலேட்டர் செய்தவர்களிடம் இருந்தது. நாம்கோ அமெரிக்காவின் எவன்ஸ் அண்ட் சதர்லேண்டின் உதவியை நாடியது. சேகா, ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஏரோஸ்பேஸ் பிரிவில் வளர்ந்த நுட்பத்தைப் பிடித்தது. அந்தப் பிரிவு கைமாறிக் கைமாறிப் பின்னால் லாக்ஹீட் மார்ட்டினுக்குள் போனது.

படத்தின் தரத்தில் நாம்கோதான் மேல். சிஸ்டம் 22 காட்டியது 640×480 புள்ளிகள். மாடல் 2 காட்டியது 496×384. அதைவிடப் பெரிய வித்தியாசம் வெளிச்சத்தில். சிஸ்டம் 22இல் கூரோ ஷேடிங் உண்டு: பாலிகனின் முனைகளில் வெளிச்சத்தைக் கணக்கிட்டு, நடுவில் மெல்லப் பரவவிடும். மாடல் 2இல் ஒரு பாலிகன் முழுக்க ஒரே வெளிச்சம்தான்.

டெக்ஸ்சரிலும் சேகா சிக்கனம் பிடித்தது. ஒரு புள்ளிக்கு 4 பிட், அதாவது வெளிச்சத்தில் 16 படிகள், அவ்வளவுதான். வண்ணம் பாலிகனிலிருந்து வரும். ஒரே பாலிகனில் சிவப்பும் நீலமும் கலந்த ஓவியம் வேண்டுமென்றால் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஆனால் அதே டெக்ஸ்சரை வேறு வேறு வண்ணத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், நினைவகமும் மிச்சம். டேடோனாவின் பளிச்சென்ற நீல வானமும் பச்சைப் புல்லும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டே கண்ணைப் பறிக்கின்றன. குறையைத் தெரிந்து வரைந்த கலைஞர்களை நான் மனதாரப் பாராட்டுவேன்.

வேகத்தில் சேகா முந்தியது. அறிவிக்கப்பட்ட கணக்கில் மாடல் 2 நொடிக்கு 3 லட்சம் பாலிகன், சிஸ்டம் 22 சுமார் 2.4 லட்சம். முதன்மைச் சிப், சேகாவில் இன்டெல் ஐ960, நாம்கோவில் மோட்டரோலா 68020. இதில் சேகாவின் சிப் ஒரு தலைமுறை புதிது. முப்பரிமாணக் கணக்கை இரண்டிலும் கணக்குப் போடுவதற்கென்றே உள்ள தனி டிஎஸ்பி சிப்கள் பார்த்துக்கொண்டன. ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் நினைவில் வைக்கும் இசட் பஃபர் இரண்டிலும் கிடையாது. பாலிகன்களைத் தூரத்தின்படி வரிசைப்படுத்தி வரைவார்கள். ஒன்றையொன்று ஊடுருவும் பரப்புகளில் இந்த முறை தடுமாறும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஓடும் ஒரு காட்சியை நிறுத்தி ரசிக்கச் சொன்னால் ரிட்ஜ் ரேசரைத்தான் நிறுத்துவேன். போர்டாகப் பார்த்தால் என் ஓட்டு மாடல் 2க்கு. சிஸ்டம் 22, அதன் மேம்பட்ட சூப்பர் 22 இரண்டிலும் 'ரேவ் ரேசர்', 'டைம் கிரைசிஸ்' போன்ற நல்ல ஆட்டங்கள் வந்தன. ஆனால் நாம்கோவே 1994இல் 'டெக்கன்' செய்தபோது, பிளேஸ்டேஷனை அடிப்படையாகக் கொண்ட மலிவான சிஸ்டம் 11க்குப் போய்விட்டது. சேகா அதே ஆண்டு 'விர்ச்சுவா ஃபைட்டர் 2'ஐ மாடல் 2 குடும்பத்திலேயே, 2ஏ போர்டில் செய்தது. அப்புறம் 2பி, 2சி என்று அந்தக் குடும்பத்தை வளர்த்துக்கொண்டே போனது. 1996இல் டெக்மோ தன் 'டெட் ஆர் அலைவ்' சண்டை ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது, அது ஓடியதும் சேகாவின் மாடல் 2ஏ போர்டில்தான்.