வழுக்கிய திருகாணிகளுக்கு ஒரு திருப்புளியும் ஒரு குறடும்: மாதிரி டாங்கியை மேம்படுத்துவோருக்கான மதிப்புரை

ஜப்பானின் ஒசாகா நகரத்து நிறுவனங்கள் இரண்டின் கருவிகளைப் பற்றியது இம்மதிப்புரை. ஒன்று, வெசல் நிறுவனத்தின் பால் கிரிப் 220 வரிசையைச் சேர்ந்த ஸ்டார் திருப்புளி. மற்றொன்று, எஞ்சினியர் நிறுவனத்தின் பி.இசட்.-58 என்ற திருகாணிக் குறடு. ரிமோட்டில் ஓடும் 1/16 அளவு மாதிரி டாங்கியின் பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட்டு உலோகப் பாகங்களைப் பொருத்தும் வேலையில் இவ்விரண்டையும் நான் பயன்படுத்தி வருகிறேன். இரண்டுமே வாங்கத்தக்கவை. ஆனால் திருப்புளியை முதலில் வாங்க வேண்டும், குறட்டைப் பிறகு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம்மில் பலர் கையில் கிடைத்த திருப்புளியால் திருகாணியின் தலையை வழுக்கவிட்டு, அதன் பிறகுதான் குறட்டைத் தேடுகிறார்கள். சரியான திருப்புளி இருந்தால் குறட்டுக்கு வேலை வருவதே அரிது.

என்னிடம் இருப்பது டி-72 டாங்கியின் மாதிரி. ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் அஜேயா என்ற பெயரில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட டாங்கி அது என்பதால், மற்ற நாட்டு டாங்கிகளின் மாதிரிகளைவிட இதன்மீது எனக்குப் பற்று அதிகம். உண்மையான டி-72 பீரங்கிக் குழாயோடு சேர்த்து 9.53 மீட்டர் நீளம் கொண்டது. 1/16 அளவில் அது ஏறத்தாழ 60 செ.மீ. ஆகிறது. இந்த அளவு மாதிரிகளில் விலை குறைந்த வகைகள் பிளாஸ்டிக் சங்கிலிப்பட்டை, பிளாஸ்டிக் சக்கரம், பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் கொண்ட கியர்பாக்ஸ் ஆகியவற்றோடுதான் வருகின்றன. சங்கிலிப்பட்டையை மட்டும் உலோகமாக மாற்றினால், கூடிய எடையைத் தாங்க முடியாமல் கியர்பாக்ஸின் பற்கள் தேயும். ஆகவே கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டும். அதற்கு உடலின் மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியிலிருந்து பிரிக்க வேண்டும். டி-72-இல் பக்கத்துக்கு ஆறு சாலைச் சக்கரங்கள், முன்னால் ஒரு வழிகாட்டிச் சக்கரம், பின்னால் சங்கிலியை இழுக்கும் பல்சக்கரம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகாணி. ஒன்று வர மறுத்தாலும் வேலை முழுவதும் நின்றுபோகிறது.

திருகாணிகள் வர மறுப்பதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் கருவியை மதிப்பிட முடியாது. கிருஷ்ணகிரி அணையின் கரையோரத்தில் நீர் வற்றியிருக்கும் நாட்களில் டாங்கியை ஓட்டுவது எங்கள் வழக்கம். அங்குள்ள வண்டல் ஈரமாக இருக்கும்போது சக்கரத்தின் நடுவிலுள்ள குழியில் புகுந்து, வெயிலில் இறுகி, திருகாணித் தலையின் வெட்டு முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. மேலே பார்க்க வெட்டு தெரிவதுபோல் இருக்கும். உண்மையில் திருப்புளியின் முனை பாதி ஆழம்கூட இறங்கியிருக்காது. ஆகவே எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்பும் தையல் ஊசியால் அந்த மண்ணைக் கிளறி எடுத்து, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் துடைத்துவிட வேண்டும். அடுத்த காரணம் துரு. உலோகத் தண்டில் செலுத்தப்பட்ட திருகாணிகளில் ஈரம் தங்கி மரைகளைப் பிடித்துவிடுகிறது. மூன்றாவது, திருகாணி தானாகத் தளராமலிருக்க முன்பு யாரோ தடவிய மரைப்பசை. இம்மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு என்றாலும், மூன்றிலும் முதலில் தேவைப்படுவது வெட்டில் அசையாமல் அமரும் முனைதான்.

அங்கேதான் வெசல் திருப்புளி தன் மதிப்பைக் காட்டுகிறது. நாம் ஸ்டார் என்று ஒரே பெயரால் அழைக்கும் வெட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் வெட்டில், முனையின் பக்கங்கள் சரிவாக இருப்பதால், திருகும் விசை கூடும்போது திருப்புளி தானாகவே மேலெழும்பி வெளியே வர முயலும். ஜப்பானியத் தரத்தின்படி அமைந்த வெட்டு பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும், அதன் உள்மூலைகளும் முனையின் வடிவமும் சற்று வேறுபட்டவை. ஜப்பானியத் திருகாணிகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி பதிக்கப்பட்டிருக்கும். ஜப்பானின் தமியா நிறுவனத்து மாதிரிகளைப் பிரித்தவர்கள் அறிவார்கள், அவற்றுக்குச் சாதாரண பிலிப்ஸ் முனை சரியாகப் பொருந்துவதில்லை. அதே நேரத்தில், ஜப்பானிய முனை சாதாரண பிலிப்ஸ் திருகாணியிலும் நன்றாகவே அமர்கிறது. என் டாங்கியின் திருகாணிகளில் புள்ளி எதுவும் இல்லை. ஆயினும் வெசல் முனை அவற்றில் ஆடாமல் நிற்கிறது, உள்ளூரில் வாங்கிய பொதுவகைத் திருப்புளியோ அதே தலையில் இலேசாக ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் பின்னால் வழுக்கலாக மாறுகிறது.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2 மி.மீ. முதல் 2.6 மி.மீ. வரையுள்ள திருகாணிகளுக்கு முதல் எண் முனையும், 3 மி.மீ. முதல் 5 மி.மீ. வரையுள்ளவற்றுக்கு இரண்டாம் எண் முனையும் பொருந்தும். சக்கரத்தின் 3 மி.மீ. திருகாணியில் முதல் எண் முனையைச் செலுத்தினாலும் அது திருகத்தான் செய்யும். ஆனால் வெட்டின் அடியை மட்டுமே தொட்டுக்கொண்டு பக்கச் சுவர்களைச் சுரண்டிவிடும். இரண்டு அளவையும் சேர்த்து வாங்குவதே நல்லது. கைப்பிடி பருத்து உருண்டையாக இருப்பதால் உள்ளங்கையின் முழு அழுத்தத்தையும் நேராகக் கீழே செலுத்த முடிகிறது. இறுகிய திருகாணியைக் கழற்றும்போது விசையின் பெரும்பகுதி கீழ்நோக்கி அழுத்துவதற்கே செலவாக வேண்டும், சிறுபகுதிதான் திருப்புவதற்கு. மெல்லிய கைப்பிடி கொண்ட கடிகாரத் திருப்புளிகளால் இதைச் செய்ய இயலாது.

முனை சரியாக இருந்தும் தலை ஏற்கெனவே சற்றுத் தேய்ந்திருந்தால், இருசக்கர வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டை ஒரு பொட்டு வெட்டில் வைத்துத் திருகலாம். அதிலுள்ள நுண்மணல் முனைக்கும் வெட்டுக்கும் இடையே உராய்வைக் கூட்டுகிறது. ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருகும் வழியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சிறிய தலைகளில் ரப்பரே முனையை ஆழமாக இறங்கவிடாமல் தடுக்கிறது என்பதால் அதை நான் விரும்புவதில்லை.

இனி பி.இசட்.-58 குறடு. நெஜிசாரஸ் என்ற வணிகப் பெயரிலும், அமெரிக்காவில் வாம்ப்ளையர்ஸ் என்ற பெயரிலும் விற்கப்படும் குறட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சாதாரணக் குறட்டின் வாயில் பற்கள் குறுக்காக மட்டுமே வெட்டப்பட்டிருக்கும். திருகாணித் தலையை நேர்முகமாகப் பிடித்துத் திருப்பும்போது அந்தப் பற்கள் திரும்பும் திசையிலேயே படுத்திருப்பதால் பிடிமானம் கிடைப்பதில்லை. இந்தக் குறட்டின் வாய் முனையில் நீளவாக்கிலும் பற்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை தலையின் விளிம்பில் செங்குத்தாகப் பதிந்து, திருப்பும் விசைக்கு எதிராக நிற்கின்றன. அத்துடன் வாயின் உட்பக்கம் உள்நோக்கிச் சற்றுச் சரிந்திருப்பதால், உயரம் குறைந்த தட்டையான தலைகள்கூட நழுவி வெளியே வருவதில்லை. 3 மி.மீ. முதல் 9.5 மி.மீ. வரை விட்டமுள்ள தலைகளைப் பிடிக்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. அகன்ற தலையுள்ள எம்2 (அதாவது 2 மி.மீ.) திருகாணியின் தலை விட்டம் 4 மி.மீ., எம்3-க்கு 5.6 மி.மீ., எம்5-க்கு 9.5 மி.மீ.; ஆகவே 1/16 டாங்கியில் வரும் வழக்கமான அளவுகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

வெட்டு முற்றிலும் வட்டமாகத் தேய்ந்துபோன வழிகாட்டிச் சக்கரத் திருகாணி ஒன்றை இக்குறடு முதல் பிடியிலேயே அசைத்தது. பிடியை இறுக்குவது, கால் சுற்றுத் திருப்புவது, விடுவது, மீண்டும் பிடிப்பது என்று பொறுமையாகச் செய்தால் போதும். ஒரே மூச்சில் முழுச் சுற்றுத் திருப்ப முயன்றால் தலையின் விளிம்பு சீவப்படும். கடினப்படுத்திய எஃகால் ஆன வாய் இதுவரை மழுங்கவில்லை. இறக்குமதிப் பொருள் என்பதால் உள்ளூர்க் குறட்டைவிட விலை பல மடங்கு அதிகம். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கடையில் பார்த்து வாங்க எனக்கு வாய்க்கவில்லை, இணையத்தில்தான் வாங்கினேன்.

ஆனால் இக்குறட்டின் தன்மையைப் புரிந்துகொண்டு வாங்க வேண்டும். தலை மேற்பரப்புக்கு மேலே நின்றால்தான் இதனால் பிடிக்க முடியும். டாங்கியின் உடலை இணைக்கும் திருகாணிகள் பெரும்பாலும் ஆழமான குழிகளுக்குள் இருக்கின்றன. சாலைச் சக்கரங்களின் திருகாணிகளும் மூடிக்குக் கீழே குழிக்குள்தான் அமர்ந்திருக்கின்றன. அங்கே எந்தக் குறடும் நுழையாது. இதை அறியாமல், குறடு ஒன்றை வாங்கிவிட்டால் எல்லாத் திருகாணியும் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றம் அடைவார்கள்.

குழிக்குள் இருக்கும் திருகாணி ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் நேரடியாகச் செலுத்தப்பட்டதாக இருந்தால், சால்டரிங் அயர்ன் மிக நல்ல துணை. ஏபிஎஸ் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். சூடான முனையைத் திருகாணித் தலையில் சில நொடிகள் மட்டும் வைத்து எடுத்தால், மரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பிடியைத் தளர்த்தும். அதிக நேரம் வைத்தால் மரையே கரைந்து, பிறகு எந்தத் திருகாணியும் அங்கே நிற்காது. உலோகத் தண்டிலுள்ள திருகாணியில் மரைப்பசை இருந்தால் கணக்கு வேறு. லாக்டைட் 243 போன்ற நீல வகைகள் கைக்கருவிகளுக்கே வழிவிடும். சிவப்பு வகையான 271-ஐத் தளர்த்த ஏறத்தாழ 250 டிகிரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் தண்டு வழியாக பிளாஸ்டிக் சக்கரத்துக்கு ஏறிவிடும் என்பதால், அப்படிப்பட்ட இடத்தில் சக்கரத்தைத் தியாகம் செய்துவிடுவதே மேல். எப்படியும் அதை உலோகச் சக்கரமாக மாற்றத்தானே கழற்றுகிறோம்.

எதற்கும் அசையாத தலையைத் துளையிட்டு எடுப்பது கடைசி வழி. எம்3 திருகாணிக்கு 3 மி.மீ. டிரில் பிட்டை மெதுவாக ஓட்டினால் தலை தனியே கழன்று விழும். சக்கரத்தை உருவிய பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணியின் எஞ்சிய பகுதியை, இப்போது இடம் கிடைத்துவிட்டதால், பி.இசட்.-58 எளிதாகப் பிடித்துத் திருப்பிவிடும். குறடு மிகவும் பயன்படுவது உண்மையில் இந்தக் கட்டத்தில்தான். இடப்புறம் சுழலும் டிரில் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது. துளையிடும் விசையே திருகாணியைக் கழற்றும் திசையில் அமைவதால் பாதி வழியிலேயே திருகாணி வெளியே வந்துவிடுவதுண்டு. சாதாரண ஹார்டுவேர் கடைகளில் இதைக் கேட்டால் புரிந்துகொள்வார் இல்லை. வாகன உதிரிபாகத் தொழில் பெருகியிருக்கும் ஓசூரில், சிப்காட் பட்டறைகளுக்குக் கருவி விற்கும் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது. கேட்ட அளவைச் சொன்னவுடன் எடுத்துத் தந்த அக்கடைக்காரர், எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதையும் விளக்கினார். கிருஷ்ணகிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பயணம் வீண் என்று தோன்றவில்லை.

கியர்பாக்ஸ் தண்டில் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும், தலையில்லாத சிறு திருகாணியான கிரப் ஸ்க்ரூ வழுக்கினால் இந்த இரண்டு கருவிகளும் உதவா. எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. எல் கீ வேண்டும்; அதன் ஆறு மூலைகளும் தேய்ந்துவிட்டால், ஆறு முனை நட்சத்திர வடிவிலான டி6 டார்க்ஸ் முனையை உள்ளே இலேசாகத் தட்டி இறக்கித் திருப்பலாம். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் திருப்புளியை மாதிரி டாங்கியில் தொடவே கூடாது. அது மோட்டார் சைக்கிள் என்ஜினுக்கு உரியது, பிளாஸ்டிக் தூண்களைப் பிளந்துவிடும். இறுகிய திருகாணியைத் தளர்த்தும் தெளிப்பெண்ணெயான டபிள்யூ.டி.-40-ஐத் தெளிப்பதிலும் கவனம் தேவை. பாலிகார்பனேட், ஒளி ஊடுருவும் பாலிஸ்டைரீன் ஆகியவற்றின் மீது அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளரே கூறுகிறார். ஆகவே விளக்குக் கண்ணாடிகள், பார்வைத் துளைகளின் அருகே தெளிக்காமல், ஊசி முனையில் ஒரு துளி எடுத்துத் திருகாணியின் அடியில் மட்டும் வைக்க வேண்டும்.

கழற்றிய பழைய திருகாணிகளை மீண்டும் போடாமல், உலோகத்தில் இறங்கும் இடங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகால் ஆன எம்3 ஆலன் போல்ட்டுகளை ஓசூரிலேயே வாங்கிவிட்டேன். அவற்றின் 2.5 மி.மீ. எல் கீ வெட்டு ஸ்டார் வெட்டைவிட நெடுநாள் உழைக்கும். 5.5 மி.மீ. தலை சக்கரத்தின் குழிக்குள் நுழைகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். மரைப்பசையாக, சிறு திருகாணிகளுக்கென்றே உள்ள ஊதா நிற லாக்டைட் 222 போதுமானது. அடுத்த முறை கழற்றும்போது சூடாக்க வேண்டியிருக்காது. பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகாணிகளுக்கு எந்தப் பசையும் வேண்டாம். அவற்றை முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, பழைய மரையில் ‘டக்’ என்று விழுந்து அமர்வதைக் கையால் உணர்ந்த பிறகு, அதே வெசல் திருப்புளியால் இறுக்க வேண்டும்.