செடி உறைவதைப் பார்க்க: தெர்மல் கேமராவா, தெர்மோகப்பிளா?

தண்ணீர் உறையும்போது கிராமுக்குச் சுமார் 334 ஜூல் வெப்பம் வெளிவரும். செடிக்குள் பனி எப்போது பிடித்தது என்று கண்டுபிடிக்க இந்தச் சூடுதான் துப்பு. அதைப் பிடிப்பதில்தான் இரண்டு கருவிகளுக்கும் போட்டி.

தெர்மோகப்பிள், அதாவது தொட்ட இடத்தின் வெப்பநிலையைச் சொல்லும் கம்பி, பழைய ஆள். மெல்லிய கம்பியை இலையில் ஒட்டிவிட்டு, செடியை வைத்த குளிர்பெட்டியின் குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பூஜ்யத்தைத் தாண்டியும் இலை உடனே உறையாது. சில டிகிரி கீழே போயும் உள்ளே தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். திடீரென்று வெப்பநிலை வரைகோடு மேலே துள்ளும். உறைந்துவிட்டது! செலவு குறைவு, எண்ணையும் நம்பலாம். ஆனால் தொட்ட இடத்தைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. பனி இங்கேயே தொடங்கியதா, தண்டு வழியாக வந்து சேர்ந்ததா என்று கேட்டால் பதில் இல்லை.

சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா அந்தப் பதிலைச் சொல்லும். 1997இல் விஸ்னியூஸ்கி, லிண்டோ, ஆஷ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அகச்சிவப்பு வீடியோவில் இதைக் காட்டினார்கள். பனிக்கருவாகச் செயல்படும், அதாவது தண்ணீர் உறையத் தொடங்க உதவும், சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியா கலந்த சொட்டு ஒன்றை இலைமேல் வைத்தால், முதலில் சொட்டு பளிச்சென்று மின்னும், அப்புறம் இலை. உறைவதற்குச் சற்று முன் எடுத்த படத்தை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்துப் பார்த்தால் இன்னும் அழகு: நரம்புகள் வழியாக மங்கலான ஓர் அலை சட்டென்று ஓடும். பிறகு இலையின் சதைப்பகுதி மெதுவாக, ஆனால் பிரகாசமாக ஒளிரும். கம்பி காட்டும் துள்ளலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிரமம்.

கேமராவிலும் தொல்லை உண்டு. 0.05 டிகிரி வித்தியாசத்தைக்கூடக் காட்டும் கேமரா, உண்மையான வெப்பநிலையில் இரண்டு டிகிரி தவறலாம். சாதாரணக் கண்ணாடி வழியாக அது பார்க்காது. பெட்டிக்கு அகச்சிவப்பை உள்ளே விடும் ஜெர்மானியம் ஜன்னல் வைக்க வேண்டும், அல்லது கேமராவையே உள்ளே வைக்க வேண்டும். மேற்பரப்பு மட்டுமே தெரிவதால் தடித்த தண்டு, செதில் மூடிய மொட்டு என்று வந்தால் திணறும். சில மரங்களின் மொட்டுக்குள் தண்ணீர் மைனஸ் 30க்குக் கீழேயும் உறையாமல் இருக்கும். அந்தக் குட்டிச் சூட்டைப் பிடிக்க மொட்டுகளை வெட்டி, சென்சார்மேல் வைத்து அளக்கும் முறைதான் சரி.

என்னைக் கேட்டால், பனி எங்கே தொடங்கியது என்பது கேள்வியானால் கேமராதான். இலையோரத்தில் ஒரு தெர்மோகப்பிளையும் ஒட்டிவிடுவேன், கேமராவின் எண்ணைத் திருத்த. எத்தனை டிகிரியில் உறைகிறது என்பது மட்டும் போதுமென்றால் கேமராவுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

இலை செத்ததா என்பதை இரண்டுமே சொல்லாது. செல்களுக்கு இடையில் பனி பிடித்தாலும் பிழைக்கும் செடிகள் ஏராளம். செத்ததா என்று அறிய, உருகிய இலையைத் தூய நீரில் ஊறப்போட்டு, சிதைந்த செல்களிலிருந்து கசிந்த உப்பை மின்கடத்தும் திறனை வைத்து அளக்க வேண்டும்.