சங்க யாப்பை (உள்விதிகளை) திருத்தித் தருகிறோம் என்று வருபவர்களிடம் காசு கொடுக்க முன்

"2024 ஒக்டோபர் 18 போய்விட்டது, உங்கள் சங்கம் தானாகவே கலைந்துவிடும்." ஸ்காபரோவில் ஒரு ஊர்ச் சங்கத்திடம் இப்படிச் சொல்லி 1,800 டொலர் வாங்கியிருக்கிறார்கள். சுத்தப் பொய். ஒன்ராறியோவின் இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனச் சட்டம் 2021 ஒக்டோபர் 19 அமுலுக்கு வந்தது. யாப்பை அதற்கேற்ப மாற்றத் தந்த மூன்று வருட அவகாசம் அந்தத் திகதியில் முடிந்ததும், பழைய யாப்பில் சட்டத்துக்கு முரணான வரிகளுக்குப் பதிலாகச் சட்டம் சொல்வது செல்லும், அவ்வளவுதான். கலைக்கப்படும் ஆபத்து 2011இல் அமுலுக்கு வந்த கனடாவின் மத்திய சட்டத்தில் இருந்தது. அந்தப் பழைய பயத்தைத்தான் இப்போது விற்கிறார்கள்.

காசுக்குக் கிடைத்தது 22 பக்க யாப்பு. ஒன்பதாம் பக்கத்தில் ஏதோ ஒரு கூடைப்பந்துக் கழகத்தின் பெயர் அழிபடாமல் கிடந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். "நிர்வாக சபை எந்த உறுப்பினரையும் உடனடியாக நீக்கலாம்" என்ற வரி அப்படியே இருந்தது. புதிய சட்டப்படி காரணத்தோடு 15 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். நீக்கம் நடைமுறைக்கு வர ஐந்து நாளாவது முன்பு அவர் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். சங்கச் சண்டைகள் நீதிமன்றம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிர்வாகிகள் தொகையையும் ஐந்திலிருந்து ஒன்பதாக யாப்பில் மட்டும் மாற்றியிருந்தார்கள். அது செல்லாது. பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு தீர்மானம் நிறைவேற்றி, பதிவுப் பத்திரத்தின் (சங்கத்தைக் கூட்டுத்தாபனமாக்கிய பத்திரம்) திருத்தத்தை மாகாணப் பதிவேட்டில் பதிய வேண்டும். யாப்பை அரசாங்கத்திடம் பதிவதே இல்லை. "யாப்புப் பதிவுக் கட்டணம்" என்று பில்லில் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். வருடாந்த அறிக்கைக்கும் நிர்வாகி மாற்ற அறிவித்தலுக்கும் அரசாங்கம் ஒரு சதமும் அறவிடுவதில்லை.

மோசமானது ஒன்பது இலக்க கொம்பனி கீ, அதாவது பதிவேட்டில் சங்கத்தின் விபரங்களை மாற்றத் தேவையான இரகசிய எண். அதை வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் சங்கத்தின் உத்தியோகபூர்வ மின்னஞ்சலாகத் தங்களுடையதைப் போட்டுவிட்டார்கள். கீயைத் தொலைத்தால் புதியது அந்த மின்னஞ்சலுக்கோ பதிவு முகவரிக்கோதான் வரும். ஆகவே இன்றைக்கே பதிவேட்டில் இரண்டையும் பாருங்கள்.

யாப்பு எழுத, கிளியோ (CLEO) என்ற சட்டக் கல்வி அமைப்பின் இணையக் கருவி இலவசம். எழுதியதைப் பொதுச்சபைக்குக் கொண்டுபோக, கூட்டத்துக்கு 10 நாளுக்குக் குறையாமலும் 50 நாளுக்கு மேற்படாமலும் அறிவித்தல் அனுப்புங்கள். வருமானம் ஐந்து லட்சம் டொலரைத் தாண்டினாலோ, சங்கம் பதிவுபெற்ற அறக்கொடை அமைப்பானாலோ மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள், மணித்தியாலக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டு.