முதலில் பாசியா, மீன் கூண்டா? மண்டபம் கரையில் யாருக்கு எதைக் கற்றுக்கொடுப்பது

"தம்பி, ரெண்டுக்கும் கூப்பிடுறாக. பாசிக்குப் போறதா, மீன் கூண்டுக்குப் போறதா? ஒரு ஆளுதான் போக முடியும் வீட்டுல."

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் ஓர் அக்கா கேட்ட கேள்வி இது. இருபது வருடத்துக்கு மேல் கடலில் முங்கிப் பாசி எடுத்தவர். ராமநாதபுரம் கரையில் இன்று பயிற்சிக்குப் பஞ்சமில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மண்டபத்தில் இருக்கிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் அதே ஊர்தான். வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பாசி மிதவைக்கும் மானியம் உண்டு, மீன் கூண்டுக்கும் உண்டு. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். ஆக, வாய்ப்பு இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் குழப்பம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவருக்குப் பாசி. அதில் தவறு செய்து, அதைக் கண்ணால் பார்த்து, அடுத்த முறை திருத்திக்கொள்ள முடிகிறது. மீன் கூண்டில் அந்த வசதி கிடையாது. இரண்டையும் வருமானத்தை வைத்து ஒப்பிட்டுப் பேசுவதே வழக்கமாக இருக்கிறது. கற்றுக்கொள்கிற ஆளின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

பாசி: 45 நாள் பள்ளிக்கூடம்

இங்கே வளர்ப்பது கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் இதை ஒப்பந்த முறையில் இந்தக் கரையில் வளர்க்க வைத்தது. கேராஜீனன் எடுக்கப் பயன்படுவது. ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டிப்படுத்தப் போடும் பொருள் அது.

மிதவை என்பது 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். நான்கு மூலையிலும் குறுக்கு மூங்கில். அதில் 20 கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் 20 துண்டு, துண்டுக்கு 150 கிராம். கூட்டினால் மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. அடியில் பழைய வலை கட்டுவார்கள். ஓரா மீன் வந்து மேய்ந்துவிடாமல் இருக்கவும், ஒடிந்த துண்டு கடலில் போகாமல் இருக்கவும் அந்த வலை வேண்டும். நன்றாக வந்தால் 45 நாளில் 250 கிலோவைத் தொடும். அதில் 60 கிலோவை அடுத்த நடவுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் காயப்போட வேண்டும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும்.

இந்தத் தொழிலில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது, ஆளுக்கு 45 மிதவை என்று வகுத்த முறை. பயிர் 45 நாள், மிதவையும் 45. தினம் ஒரு மிதவை அறுவடை, அன்றே அதில் மறுநடவு. கூலிக்குப் போகிறவருக்குப் பழக்கமான அன்றாட வருமானம் அதில் கிடைக்கிறது. கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: ஒரே வேலையைத் தினமும் செய்து, தினமும் பலன் பார்ப்பது.

முடிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலைப் பந்தலுக்குக் கீழே நாலைந்து பேர் உட்கார்ந்து கட்டும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பழகிய கை துண்டைக் கயிற்றில் வைத்து, சின்ன நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி, பாசி லேசாக ஆடும் அளவுக்கு விட்டு முடிகிறது. புதுக்கை இறுக்கிவிடும். இறுக்கிய இடத்தில் தண்டு அறுபடும். தொளதொளவென்று விட்டால் முதல் அலையிலேயே உருவிக்கொண்டு போகும். இரண்டுமே அன்றைக்குத் தெரியாது. இருபது நாள் கழித்து மிதவையைப் பார்த்தால் கயிற்றில் பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். யார் கட்டிய கயிறு என்று எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் படிப்பு நடக்கிறது.

நுனி வெளுத்த துண்டை விதைக்கு எடுக்கக் கூடாது, வெட்டிய விதையை வெயிலில் வைக்கக் கூடாது, ஈரச்சாக்கு போட்டு மூடி அன்றே கட்டிவிட வேண்டும், மணலில் காயப்போட்டால் விலையில் பிடிப்பார்கள், வலை விரித்தோ பரண் போட்டோ காயவைக்க வேண்டும். இப்படி ஒரு நூறு சின்னச் சின்ன விஷயம் இருக்கிறது. வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், வாடை அடிக்கும் மாதங்களைக் கழித்துவிட்டாலும் வருடத்துக்கு நான்கு சுற்றாவது கிடைக்கும். நான்கு முறை தவறலாம், நான்கு முறை திருந்தலாம்.

மிதவை ஒன்றின் மதிப்பு, மானியத் திட்டத்தின் கணக்குப்படி 1,500 ரூபாய். ஒன்று கெட்டுப்போனால் வலிக்கும், ஆனால் குடும்பம் கவிழாது.

பாசியின் கெட்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் சூடேறினால் கிளை வெளுத்து, தொட்டால் ஒடியும். ஐஸ்-ஐஸ் என்று சொல்லும் நோய் அது. 2001இல் 21 டன்னில் தொடங்கி ஏறக்குறைய 1,500 டன் உலர்பாசி வரை வளர்ந்திருந்த உற்பத்தி, 2013க்குப் பிறகு இப்படி மொத்தமாகச் செத்து விழுந்தது. நிறையப் பேர் விட்டுவிட்டுப் போனார்கள். நல்ல மாதத்தில் மட்டும் பயிற்சி பெற்றவருக்கு இந்த மாதம் வரும்போது கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனால் ஏப்ரலைச் சேர்க்காத பாசிப் பயிற்சியை நான் அரைப் பயிற்சி என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று குருசடைத் தீவு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றான அங்கே, கப்பாபைகஸ் பரவிப் பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச்செடி என்பதைக் கற்றுக்கொள்கிறவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். அடிவலை எதற்கு என்று கேட்டால் "ஓரா திங்காம இருக்க" என்று மட்டும் பதில் வந்தால் பாடம் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூங்கிலுக்குப் பதில் கயிறு முறையும் குழாய்வலை முறையும் இருக்கின்றன. மூங்கில் விலை ஏறியதால் கயிற்றுக்கு மாறியவர்கள் உண்டு. அதில் அடிவலை கிடையாது, மீன் மேயும். குழாய்வலையில் பாசி வலைக்கு உள்ளே இருப்பதால் அலை அதிகமுள்ள இடத்திலும் தாங்கும். முடிச்சு வேலையும் இல்லை. மிதவையில் கை பழகியவர் இரண்டுக்கும் ஒரு வாரத்தில் மாறிவிடலாம். இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

மீன் கூண்டு: எட்டு மாதத்துக்கு ஒரே ஒரு பரீட்சை

கடலில் மிதக்கும் வலைக்கூண்டில் வளர்ப்பது பெரும்பாலும் கடல் விரால், அப்புறம் கொடுவா. கடல் விராலை அடைத்து வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்ததில் மண்டபத்துக்குப் பெருமை உண்டு. 2010இல் இந்தியாவிலேயே முதல்முறையாக அங்கேதான் நடந்தது. அசாத்தியமாக வளரும் மீன். ஏழெட்டு மாதத்தில் இரண்டரை மூன்று கிலோ வரும். ஆறு மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூண்டு ஒன்றுக்குத் திட்டக் கணக்கு 5 லட்சம் ரூபாய். 1,500 எங்கே, 5 லட்சம் எங்கே!

அறுவடை நாளைப் பார்த்தவர் யாரும் மயங்கிவிடுவார்கள். வலையைத் தூக்கும்போது அந்த மீன்கள் துள்ளுகிற துள்ளல் அப்படி. ஆனால் அந்த நாளுக்கு முன்னால் இருக்கும் இருநூற்றுச் சொச்சம் நாளில் ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும். வலைக்கண்ணில் சிப்பியும் பாசியும் படிந்தால் நீரோட்டம் குறையும். அதை எப்போது மாற்றுவது என்பதை அனுபவம்தான் சொல்லும். தீனிக்கு மத்தி, சூடை, கழிவு மீன் என்று தினமும் வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாளில் தீனி மீன் எங்கே, என்ன விலைக்கு? மீன் பசிக்கு விடுமுறை இல்லை. கூண்டு வைக்கத் துணிகிற எவரும் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி இது. பயிற்சியிலோ இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

பூங்கோரையும் இருக்கிறது, அதாவது கடலில் நுண்ணுயிர்கள் திடீரென்று பெருகித் தண்ணீர் நிறம் மாறுவது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். வெளியில் இருக்கும் மீன் தப்பிக்க ஓட முடியும். கூண்டு மீன் எங்கே ஓடும்? தண்ணீர் நிறம் மாறும்போதே கூண்டை இழுத்துக்கொண்டு போகவோ, அரைகுறை எடையிலேயே பிடித்து விற்கவோ துணிச்சலாக முடிவெடுக்க வேண்டும். அந்தத் துணிச்சலை ஐந்து நாள் வகுப்பில் யாரும் கொடுத்துவிட முடியாது.

என் மனக்குறையும் இங்கேதான். ஐந்து நாள் பயிற்சியில் குஞ்சு விடுவதைக் காட்டலாம், அல்லது அறுவடையைக் காட்டலாம். இடையில் இருக்கும் எட்டு மாதத்தை யார் காட்டுவது? கடலோடியாக இருந்து நீரோட்டமும் காற்றும் தெரிந்த ஆளுக்கு, நாலைந்து பேர் சேர்ந்த குழுவுக்கு, ஒரு கூண்டு போனாலும் தாங்கும் அளவுக்கு வேறு வருமானம் உள்ளவர்களுக்குக் கூண்டு நல்ல தொழில்தான். தனி ஆளாக, கடன் வாங்கி, முதல் தொழிலாகத் தொடங்குகிறவருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நடுவில் ஒரு வழி

மீன்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, பலர் கண்ணில் படாத ஒரு பயிற்சி இருக்கிறது. அது கொடுவாக் குஞ்சு வளர்ப்பு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவை இனப்பெருக்கம் செய்ய வைத்தது. சீர்காழிப் பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் பொரிப்பகமும் உண்டு. பொரிப்பகத்துச் சின்னக் குஞ்சை வாங்கி, உப்பங்கழியிலோ குளத்திலோ துணிவலைத் தொட்டி கட்டி, ஒன்றரை இரண்டு மாதம் வளர்த்து, விரல் நீளக் குஞ்சாகக் கூண்டுக்காரருக்கும் குளத்துக்காரருக்கும் விற்பது. அவ்வளவுதான்.

இதிலும் பாசி மாதிரியே சுற்று சின்னது. கற்க வேண்டிய பெரிய வித்தை தரம் பிரிப்பது. கொடுவா தன் இனத்தையே தின்னும். கொஞ்சம் பெரியது இருந்தால் சின்னதை விழுங்கிவிடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அள்ளி அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். ஒருமுறை சோம்பினால் எண்ணிக்கையில் உடனே தெரிந்துவிடும். பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் கரையோரக் கழிகளில் இதை நன்றாகவே செய்திருக்கிறார்கள். மீன் தொழிலுக்கு வாசல்படி என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான், கூண்டு மாடி.

அக்கரையில் யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் கடலட்டைப் பண்ணை வைக்கிறார்களே, இங்கேயும் கற்றுக்கொடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இந்தியாவில் கடலட்டை 2001 முதல் தடை செய்யப்பட்ட உயிரினம். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

இரண்டையும் சேர்த்தால்?

மண்டபம் பக்கத்து முனைக்காட்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்து காட்டியது எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது. ஒரு கடல் விரால் கூண்டைச் சுற்றி 16 பாசி மிதவை. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் பாசிக்கு உரமாகின்றன. கூண்டோடு சேர்ந்த மிதவைகள், தனியாகக் கிடந்த மிதவைகளைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் விளைச்சல் கொடுத்தன. கூண்டுக்காரருக்கோ, எட்டு மாதம் காத்திருக்கும்போது 45 நாளுக்கு ஒருமுறை பாசிப் பணம்.

கேட்க அழகாக இருக்கிறது, உண்மையும்கூட. இதை முதல் பாடமாக வைப்பதுதான் தவறு. பாசியில் இரண்டு வருடம் பழகிய பெண்கள் குழுவும், கூண்டில் கை வைத்த ஆண்கள் குழுவும் கூட்டாகச் செய்யும்போதுதான் இது நிற்கும். ஒரே ஆளிடம் இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றினால் இரண்டும் போகும்.

வகுப்பறையா, கரையா?

கரை. பேச்சே இல்லை. சின்னப்பாலம் பக்கத்து அக்காமார் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று கடலில் தானாக விளையும் பாசிகளை எடுத்துக் காலத்தைக் கழித்தவர்கள். எந்த நீரோட்டத்தில் பாசி கொழுக்கும், எங்கே அழுகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்தப் பெண்களின் தலைவிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருதே கிடைத்தது. அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டுவதைவிட, புதியவர்களை அவர்களோடு ஒரு 45 நாள் விட்டுவைப்பது மேல். கூலியிழப்புக்கு ஈடாகப் படி கொடுக்க வேண்டும். அவர்கள் கடலுக்குப் போகும் நாள்களில் வகுப்பு வைக்கக் கூடாது.

நான் கூடவே இருந்த ஒரு பயிற்சியில் சான்றிதழ் கொடுத்து மூன்று வாரம் கழித்து விதைப்பாசி வந்தது. மதிய வெயிலில், மூடாத வண்டியில். பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. அதையும் கட்டினார்கள், வேறு வழியில்லை. அந்தக் குழுவில் பன்னிரண்டு பேர். அடுத்த சுற்றுக்கு வந்தது நான்கு பேர். "பாசி நமக்கு ஒத்துவராது" என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் கட்டிய முடிச்சில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அந்த அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். வாடை அடங்கித் தை பிறந்த பிறகு தொடங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் இரண்டு சுற்றுக் கிடைக்கும். எடுத்ததும் 45 வேண்டாம், பத்து மிதவை போதும். பத்தையும் ஒரே நாளில் இறக்காமல் நாலு நாளுக்கு ஒன்றாக இறக்குங்கள். முதலாவதில் பார்த்த தவறு பத்தாவதில் இருக்காது. பேர் கொடுப்பதற்கு முன்னால் பயிற்சி நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விதைப்பாசி எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கரைக்கு வரும்? தேதி சொன்னால் சேருங்கள். "வரும், வரும்" என்றால் அடுத்த அணியில் சேர்ந்துகொள்ளலாம்.