கொள்கைக் கூட்டா, எண் பேரமா?

மாநிலக் கட்சிகள் டெல்லியில் செல்வாக்குப் பெற, கொள்கைக்காக ஒன்றுசேர்ந்து நிற்பதா, எம்.பி. எண்ணிக்கையை வைத்துப் பேரம் பேசுவதா? 1989 மக்களவைத் தேர்தலில் திமுகவுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்தது 2. 2014ல் அதிமுக ஜெயித்ததோ 37 தொகுதிகள். மக்களவையிலேயே மூன்றாவது பெரிய கட்சி. ஆனால் நாட்டின் கொள்கையில் தடம் பதித்தது அந்தப் பூஜ்யமும் இரண்டும்தான்.

காரணம், 1988லேயே காங்கிரஸுக்கு எதிரான தேசிய முன்னணி என்ற கூட்டணியில் சேர்ந்து நின்றார்கள். என்.டி.ராமராவ் தலைவர், வி.பி.சிங் அமைப்பாளர். தேர்தலுக்குப் பின் வி.பி.சிங் தலைமையில் ஆட்சி வந்ததும் யாரிடம் எத்தனை எம்.பி. என்று கணக்குப் பார்க்கவில்லை. மாநிலங்களவையில் இருந்த முரசொலி மாறன் மத்திய அமைச்சரானார். தெலுங்கு தேசத்தின் உபேந்திரா தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்தார்.

அந்தக் காலத் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்குத் தெரியும். செய்தி என்றால் பிரதமர் எங்கே போனார், என்ன பேசினார் என்பதுதான். எதிர்க்கட்சிக்காரர் முகம் தெரிவதே அபூர்வம். அரசின் அந்தப் பிடியைத் தளர்த்தும் பிரசார் பாரதி சட்டத்தை 1990ல் கொண்டுவந்தவர் உபேந்திரா. அரசியல் சட்டத்தில் இடமிருந்தும் அதுவரை அமைக்காமலே விட்டிருந்த, மத்திய அரசும் மாநிலங்களும் கூடிப் பேசும் மாநிலங்களிடை மன்றமும் அதே ஆண்டில் பிறந்தது. ஆகஸ்டில் மண்டல் அறிவிப்பு, பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் 27 சதவீதம். எல்லாம் 11 மாதங்களுக்குள்.

சரி, அதிமுகவின் 37 என்ன ஆனது? 2016ல் ஜிஎஸ்டி திருத்தத்தை எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள், அது நிறைவேறிவிட்டது. 2017ல் தமிழகச் சட்டமன்றம் அனுப்பிய நீட் விலக்கு மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. பாஜகவிடம் தனியாகவே பெரும்பான்மைக்கு மேல் 282 இருந்தபோது 37ஐ யார் மதிப்பார்கள்?

எண் பேரத்தின் குணத்தைத் தெலுங்கு தேசத்தின் சந்திரபாபு நாயுடுவிடம் தெளிவாகப் பார்க்கலாம். 2014ல் அவர் கட்சிக்கு 16 இடங்கள். கூட்டணியிலும் இருந்தார், மத்திய அமைச்சரவையிலும் இடம் இருந்தது. ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கிடைக்காமல் 2018ல் வெளியேறினார். 2024லும் அதே 16 இடங்கள்தான். ஆனால் இம்முறை பாஜகவிடம் இருந்தது 240, பெரும்பான்மைக்குப் போதாது. ஜூலை பட்ஜெட்டிலேயே அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய் அறிவிப்பு வந்தது. தலைநகருக்காக 30,000 ஏக்கருக்கும் மேல் நிலம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த உழவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அது ஒரு மாநிலத்துக்கான பணம். நாளைக்கு டெல்லியில் ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை வந்தால், அந்த 16க்கு மறுபடியும் 2014ன் மதிப்புதான்.

அதனால் என் வாக்கு கொள்கைக் கூட்டுக்கே. அதிலும் குறை உண்டு, பெரிய குறை: ஆட்சி நிலைப்பதில்லை. வி.பி.சிங் அரசு 1990 நவம்பரிலேயே கவிழ்ந்தது. பிரசார் பாரதி சட்டம் ஏழு வருடம் கிடப்பில் கிடந்தது. 1997ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது திமுக, தமாகா, தெலுங்கு தேசம், அசாம் கண பரிஷத் எல்லாம் சேர்ந்திருந்த ஐக்கிய முன்னணி அரசு.