225-லேயே நிற்பதா, 245-க்குப் போவதா? வேகக் காருக்கு மாற்று டயர் அளவு: ஓர் அலசல்

காரோடு வந்த டயர் தேய்ந்துவிட்டது, அடுத்த செட் வாங்க வேண்டும். வேகமான கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்த நேரத்தில் ஓர் ஆசை எட்டிப் பார்க்கும்: இதே ரிம்மில் இன்னும் கொஞ்சம் அகலமான டயர் போட்டால் என்ன? நியாயமான ஆசைதான். ஆனால் அந்தக் கேள்வியை டயரிடம் கேட்பதற்கு முன்னால் ரிம்மிடம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ரிம் எத்தனை அங்குல அகலம் என்று தெரியாமல் டயர் அளவு பேசுவதில் அர்த்தமே இல்லை. அது ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு, 7.5 அங்குல அகல ரிம்மில் 225/45 ஆர்17 டயரோடு வந்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வேக ஹேட்ச்பேக்குகளிலும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களிலும் நிறையப் புழங்கும் அளவு இது. 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் 45 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 101 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மின் விட்டத்தோடு மேலும் கீழும் உள்ள பக்கச்சுவரைச் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 634 மி.மீ. வருகிறது.

இந்தக் காருக்கு நான்கு வழிகள் உண்டு. ஒன்று, அதே 225/45 ஆர்17 அளவில் இன்னும் நல்ல டயர். இரண்டு, அதே ரிம்மில் 235/45 ஆர்17. விட்டம் 643 மி.மீ. மூன்று, 245/40 ஆர்17. விட்டம் 628 மி.மீ. நான்கு, 18 அங்குல ரிம்முக்கு மாறி 225/40 ஆர்18. விட்டம் 637 மி.மீ.

விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. நான்குமே அதற்குள் அடங்குகின்றன. இரண்டாவது வழிதான் அதிகம் விலகுகிறது, அதுவும் 1.4 சதவீதம்தான். அதாவது ஸ்பீடோமீட்டர் முள் 100-ல் நிற்கும்போது கார் முன்பைவிட மணிக்கு 1.4 கி.மீ. கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதனால் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே வைக்கிறார்கள், இந்த 1.4 சதவீதம் அதிலேயே அடங்கிவிடும். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். புது டயரின் 8 மி.மீ. பட்டன் (சாலையைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி) தேய்ந்து 1.6 மி.மீ. ஆகும்போது விட்டம் கிட்டத்தட்ட 13 மி.மீ. குறைகிறது. 245/40-க்கு மாறுவதால் வரும் குறைவோ 6 மி.மீ. சொச்சம்தான். ஆக, விட்டத்தை வைத்து இந்த நான்கில் எதையும் தள்ளிவிட முடியாது. தள்ளுவதும் கொள்வதும் அகலத்தில்தான் இருக்கிறது.

235/45: வாங்குவது 10, கிடைப்பது 6

அதிகம் பேர் கை வைப்பது இதில்தான். ரிம் மாற்ற வேண்டாம், ஒரே படி மேலே, 235-க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7.5 முதல் 9 அங்குலம் வரை என்பதால் விதிப்படியும் சரி. எல்லாம் கச்சிதமாகத் தெரியும்.

ஆனால் டயரில் எழுதியிருக்கும் அகலம் எல்லா ரிம்மிலும் அப்படியே வருவதில்லை. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு அளவை ரிம் உண்டு. அகலத்தை அதில் மாட்டித்தான் அளக்கிறார்கள். 225/45 ஆர்17-க்கு அது 7.5 அங்குலம், 235/45 ஆர்17-க்கு 8 அங்குலம். ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயர் சுமார் 5 மி.மீ. ஒடுங்கும். 8 அங்குலத்தில் 236 மி.மீ. இருக்கும் டயர் நம்முடைய 7.5 அங்குல ரிம்மில் 231-ஆகச் சுருங்கிவிடுகிறது. பழைய 225 அதே ரிம்மில் முழு 225-ஆக நின்றது. 10 மி.மீ. என்று நினைத்து வாங்கியதில் 6 மி.மீ.தான் கைக்கு வருகிறது. அதுவும் பக்கச்சுவரின் வயிற்றுப் பகுதியில் அளந்த அகலம், சாலையைத் தொடும் பட்டனின் அகலம் அல்ல.

கூடவே பக்கச்சுவர் 101-லிருந்து 106 மி.மீ. ஆக உயர்கிறது. உயர்ந்த சுவர், அதற்குக் கொஞ்சம் குறுகலான ரிம் என்று இரண்டும் சேர்ந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் திரும்பத் தொடங்குவதற்குள் ஒரு சின்னத் தயக்கம் வருகிறது. சாதாரண ஓட்டத்தில் பலருக்கு இது தெரியாது. ஆனால் வேகமான கார் வாங்கியதே அந்த உடனடித் துலங்கலுக்காகத்தான் என்றால், இருந்ததையும் விட்டுக்கொடுத்த கதையாகிவிடும். சாலை மோசம், ரிம் அடிபடாமல் இருந்தால் போதும் என்பவருக்கு மட்டும் இதைச் சிபாரிசு செய்வேன். அந்த ஒரு விஷயத்தில் இந்த நான்கில் இதுதான் முதல்.

245/40: அதற்கான ரிம்மில் மட்டும்

245/40 ஆர்17-க்கு அனுமதி 8 முதல் 9.5 அங்குலம் வரை. அளவை ரிம் 8.5. நம் காரின் 7.5 அங்குலம் அந்த வரம்புக்குள்ளேயே இல்லை. இருந்தும் மாட்டிவிடலாம், காற்றும் நிற்கும், அதனால்தான் மாட்டுகிறார்கள். சின்னச் செருப்புக்குள் பெரிய காலைத் திணித்தது போல டயரின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு, சுவர்கள் வெளியே பிதுங்கும். பட்டன் நடுவில் லேசாகக் குவியும். சுமையை நடுப்பகுதி வாங்கிக்கொள்ளும், அங்கேதான் முதலில் தேயும். வளைவில் அழுத்தம் ஏறும்போது சுவர் மடிந்து டயர் தோள்பட்டை வரை, அதாவது பட்டனும் பக்கச்சுவரும் சேரும் இடம் வரை சாய்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு பழைய வழி உண்டு. பட்டனின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு, டிராக்கில் இரண்டு சுற்று வேகமாகப் போய் வர வேண்டும். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் சாய்ந்திருக்கிறது என்று பொருள். பல டயர்களில் தோள்பட்டை ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி அச்சிடப்பட்டிருக்கும். அழிவு அந்தக் குறியோடு நின்றால் நல்லது. அதைத் தாண்டி எழுத்துகள் வரை போயிருந்தால் காற்று போதவில்லை, அல்லது ரிம் போதவில்லை. காற்றை ஏற்றியும் கோடு அங்கேயே அழிந்தால் பிரச்சினை ரிம்மில்தான்.

இதே 245-ஐ 8.5 அங்குல ரிம்மில் போடுங்கள், அது வேறு டயர். சுவர் நிமிர்ந்து நிற்கும், அகலம் 248 மி.மீ. வரும், ஸ்டீயரிங் கூர்மையாகும். அகலமான டயர் என்றால் சாலையைத் தொடும் பரப்பும் அதே விகிதத்தில் பெருகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி நடப்பதில்லை. தொடும் பரப்பைப் பெரிதும் தீர்மானிப்பது காரின் எடையும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடினால் அந்தப் பரப்பின் வடிவம் மாறும்: அகலத்தில் விரிந்து, நீளத்தில் குறுகும். வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்க அந்த வடிவம் தோதானது. அகலமான டயருக்குச் சூட்டைத் தாங்கும் திறனும் கூடுதல், அதனால் சுற்றுக்குப் பின் சுற்றாக ஓட்டும்போது பிடிப்பு சட்டென்று விழாது. டிராக் ஓட்டுபவருக்கு உண்மையான லாபம் இதுதான். பதிலுக்கு, தேங்கிய நீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். மழையில் நிறைய ஓட்டுபவர் இதையும் தராசில் வைக்க வேண்டும்.

ரிம் வாங்கும்போது ஆஃப்செட்டையும் பார்த்தாக வேண்டும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்தான் ஆஃப்செட், மில்லிமீட்டரில். 7.5-லிருந்து 8.5-க்குப் போனால் ரிம் ஓர் அங்குலம் அகலமாகிறது. ஆஃப்செட் மாறாமல் இருந்தால் உள்ளே 13 மி.மீ., வெளியே 13 மி.மீ. நகரும். ஆஃப்செட்டை 45-லிருந்து 40 ஆக்கினால் உள்ளே 8 மி.மீ.தான் நகரும், வெளியே 18 ஆகும். உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட், வெளியே ஃபெண்டர் விளிம்பு. எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று காரைத் தூக்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்: இப்போதுள்ள டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள், பிறகு ஸ்டீயரிங்கை ஒரு கோடிவரை ஒடித்து வைத்து ஃபெண்டரின் உள் உறையைத் தொட்டுப் பாருங்கள். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். இன்னொன்று, எல்லாக் கம்பெனியின் 245-ம் ஒரே அகலம் இல்லை. சிலரின் 245 மற்றவர்களின் 255 அளவுக்குப் பெருத்திருக்கும். வாங்கப்போகும் மாடலின் அளவுத் தாளில் உண்மையான அகலத்தைப் பார்த்த பிறகே கணக்கை முடிக்க வேண்டும்.

225/40 ஆர்18: எண் மாறாத அகலம்

இதன் அளவை ரிம் 8 அங்குலம், அதில் அகலம் 230 மி.மீ. மேலே பார்த்த 235, 7.5 அங்குல ரிம்மில் 231 வந்தது அல்லவா? இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டயரில் 225, 235 என்று வேறு வேறாக எழுதியிருந்தாலும் காரில் ஏறியபின் 1 மி.மீ. வித்தியாசம். ஆனால் பக்கச்சுவர் இங்கே 90 மி.மீ., அங்கே 106. ஸ்டீயரிங் துலங்கலில் 18 அங்குலம் தெளிவாக முந்தும். உயர்ரக ஸ்போர்ட்ஸ் டயர்கள் 18 அங்குலத்தில் அதிக வகைகளில் கிடைக்கின்றன, பெரிய பிரேக்குக்கும் இடம் கிடைக்கும்.

விலையாகக் கொடுப்பது எடை. அதே தயாரிப்பில் 18 அங்குல ரிம் பொதுவாக 17-ஐவிடக் கனம், அந்தக் கனமும் மையத்திலிருந்து தள்ளி விளிம்பில் இருக்கிறது. சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும், மேடு பள்ளத்தில் சக்கரம் சாலையோடு ஒட்டி ஓடுவதும் கடினமாகும். லேசான ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) ரிம் வாங்கினால் இது பெருமளவு தீரும். வார்ப்பு ரிம்மில் அழகுக்காக மட்டும் 18-க்குப் போவதை நான் ஆதரிக்கவில்லை.

ரிம்மைப் பெரிதாக்குவதே முன்னேற்றம் என்றும் இல்லை. ஹோண்டாவே சிவிக் டைப் ஆரில் எஃப்கே8 தலைமுறைக்கு 245/30 ஆர்20 போட்டது. அடுத்த எஃப்எல்5-ல் ரிம்மை ஓர் அங்குலம் குறைத்து 265/30 ஆர்19-க்கு வந்தது. விட்டம் குறைந்தது, டயர் அகலமானது, ரிம்மும் 8.5-லிருந்து 9.5 அங்குலமாக அகலமானது. இந்த மூன்றையும் ஒன்றாக மாற்றியதைத்தான் கவனிக்க வேண்டும்.

அதே 225/45-ல் நல்ல டயர்

பலருக்கு இதுதான் சலிப்பூட்டும் வழி, எனக்கு இதுதான் முதல் சிபாரிசு. 225 என்பது 7.5 அங்குல ரிம்முக்கென்றே அளந்த டயர். அதே அளவில் சாதாரண டூரிங் டயரிலிருந்து உயர்ரகக் கோடை டயருக்கு மாறும்போது கிடைக்கும் பிடிப்பு, 6 மி.மீ. அகலத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரிது. ரப்பர் கலவைதான் முதலில், அகலம் அப்புறம்.

2012-ல் வந்த டொயோட்டா 86 இதற்கு நல்ல சாட்சி. பின்சக்கர இழுவை உள்ள இந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு 215/45 ஆர்17 அளவில் மிதமான பிடிப்புள்ள டூரிங் டயரை டொயோட்டா வேண்டுமென்றே போட்டது, கார் எளிதில் சறுக்கி விளையாட வேண்டும் என்பதற்காக. அந்த அளவைத் தொடாமல் டயரின் தரத்தை மட்டும் மாற்றினாலே காரின் குணம் அடியோடு மாறிவிடும். எந்தக் காரிலும் அளவை மாற்றுவதற்கு முன், தயாரித்தவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

முன்னும் பின்னும் வேறு அளவு உள்ள கார்களில் இந்த யோசனை இன்னும் அவசியம். பிஎம்டபிள்யூ ஈ46 எம்3-ல் முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18. அகலம் 30 மி.மீ. வேறுபட்டாலும் விட்டம் 660, 661 என்று ஒத்துப்போகிறது. பின்னால் மட்டும் அகலத்தைக் கூட்டினால் கார் வளைவில் மூக்கை வெளியே தள்ளும். முன்னால் மட்டும் கூட்டினால் வால் எளிதில் சுழலும். நான்கு சக்கர இழுவை உள்ள காரில் நான்கு டயரும் ஒரே மாடல், ஒரே தேய்மானம் என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ரான்ஸ்மிஷன் ஓயாமல் வித்தியாசத்தைச் சரிசெய்துகொண்டே சூடாகும்.

கடைசியாக, அளவுக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சின்ன எண்ணும் எழுத்தும். 91டபிள்யூ என்றால் ஒரு டயர் தாங்கும் உச்ச சுமை 615 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 270 கி.மீ. ஒய் என்றால் 300 கி.மீ. இரண்டிலும் காரோடு வந்ததைவிடக் கீழே இறங்கக்கூடாது. 225/40 ஆர்18 பெரும்பாலும் 92 எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோட், கூடுதல் சுமை வகை) என்று வரும். 92 என்றால் 630 கிலோ, கூடுதல்தானே என்று தோன்றும். ஆனால் எக்ஸ்எல் டயரின் 630 கிலோ 42 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கணக்கிட்டது, சாதாரண டயரின் 615 கிலோ 36 பிஎஸ்ஐ-யில். கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அழுத்தத்தையே வைத்தால் புது டயர் பழையதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். அதே சுமைக்குச் சுமார் 4 பிஎஸ்ஐ கூட்டி வைக்க வேண்டும். 18-க்கு மாறுபவர்கள் ரிம், டயர், அலைன்மென்ட் எல்லாம் பார்த்துவிட்டு இந்த 4 பிஎஸ்ஐ-யைத்தான் விட்டுவிடுகிறார்கள்.