பட்டாலையில் ஒரு பவளத் தொட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பழைய வீட்டின் கூடமான பட்டாலையில் 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டியை வைத்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. பம்ப், கழிவுகளை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், வடிகட்டும் பஞ்சு ஆகிய மூன்றும் பின்பக்கத் தடுப்புக்குள் மறைந்திருக்க, ஒரே பெட்டியாக வரும் வகை இது. கண்ணாடியின் தெளிவும் ஒட்டுவேலையும் குறை சொல்ல முடியாதவை. இதுவரை ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

குறை மூடியில் இருக்கிறது. முழுக்க மூடிய அமைப்பு விளக்கின் சூட்டையும் பம்பின் சூட்டையும் உள்ளேயே தேக்கிவிடுகிறது. பவளங்களுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை உகந்தது. ஆனால் சென்ற கத்திரி வெயிலில், தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் கொண்ட எங்கள் பட்டாலையிலேயே தொட்டி நீர் ஒரு பிற்பகலில் 31 பாகையைத் தொட்டது. மூடியைக் கழற்றிவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் காற்றுப் படும்படி ஒரு சிறிய மின்விசிறியைப் பொருத்திய பிறகு, ஆவியாதலின் குளிர்ச்சியால் சூடு மூன்று பாகை இறங்கியது. ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த நீரின் அளவுக்கு உப்பில்லாத தூயநீரை நாள்தோறும் ஊற்ற வேண்டும், இல்லையெனில் 1.025 என்று இருக்க வேண்டிய அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிப்பதற்கு எவ்வளவு சுவையாக இருந்தாலும் இதற்கு ஆகாது, தாதுக்கள் நீக்கிய ஆர்.ஓ. நீர்தான் வேண்டும்.

விற்ற கடைக்காரர் மூன்றே நாளில் மீன் விடலாம் என்றார். நம்பி விட்ட முதல் மீன் ஒரு வாரத்தில் இறந்தது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கற்களில் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டும்வரை காத்திருங்கள்.

இத்தனை பாடுபட்டும் இதை வைத்திருப்பதற்குக் காரணம், காளான் வடிவ மென்பவளம் ஒன்றும் அதன் மடியில் உறங்கும் இரண்டு கோமாளி மீன்களும்தான். சில வாரங்களுக்கு முன் அந்தப் பவளம் தன் நுண்கைகளை எல்லாம் உள்ளிழுத்து, மெழுகு பூசியதுபோல் மங்கி, ஐந்து நாட்கள் அப்படியே நின்றது. செத்துவிட்டது என்றே எண்ணினேன். ஆறாம் நாள் காலை, நீரோட்டத்தை உண்டாக்கும் வேவ்மேக்கரின் ஓட்டத்தில் ஒரு மெல்லிய தோல் கண்ணாடித்தாள்போல் உரிந்து மிதந்தது. அதன் அடியிலிருந்து பொன்னிற நுண்கைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. அப்பத்தா நாற்காலியை இழுத்துப்போட்டு அன்று முழுவதும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். இரவு ஒன்பது மணியானால், “அதுகளும் தூங்கணும்ல, விளக்க அணைச்சுருப்பா” என்று இப்போது அவர்கள்தாம் நினைவூட்டுகிறார்கள்.

கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளையே வெட்டியெடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவானது. தொண்டிப் பக்கமோ மண்டபத்துப் பக்கமோ போனால், கரையில் கிடக்கும் பவளக் கல்லைக்கூடத் தொட்டிக்கென்று எடுத்து வராதீர்கள். செயற்கையாகச் செய்த பீங்கான் கற்களே எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன, அவற்றின் மேல் இப்போது இளஞ்சிவப்புப் பாசி படரத் தொடங்கியிருக்கிறது. மீன்களும் கடலில் பிடித்தவையாக இல்லாமல், பண்ணையில் பொரித்தவையாக இருக்கட்டும்.

மூடி இல்லாமல் கிடைக்குமானால் இந்தத் தொட்டியைத் தயங்காமல் வாங்கலாம். வேவ்மேக்கரை இன்வெர்ட்டரில் இணையுங்கள். மின்சாரம் நின்று நீரோட்டம் இல்லாமல் போனால் முதலில் குறைவது ஆக்சிஜன்தான். பம்பின் உள்சக்கரம் காரைக்குடியில் கிடைக்கவில்லை, ஆகவே வாங்கும்போதே ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.